என்ன ஜெனரேஷன், மாப்ள?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவியின் சித்தப்பாவுடைய கண் லேப்டாப் இருக்கும் மேஜைக்குப் போய்விடும். தண்ணீர் கொடுத்தால் சொம்பை இடது கையில் வாங்கிக்கொள்வார். வலது கை ஏற்கெனவே மவுஸில் இருக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வரன் அமைந்தது என்பதெல்லாம் அப்புறம். முதலில் காலித் திரையில் ரைட் கிளிக், ரிஃப்ரெஷ். மறுபடியும் ரிஃப்ரெஷ். கூடவே இன்னும் நாலு. ஐகான்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதைத் தவிர அதனால் ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டால்தானே!

பிறகு மை கம்ப்யூட்டர், ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ்.

நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கும். ஜாதகம் பார்ப்பவர் போல ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படிப்பார். “இன்டெல்… கோர்… ஐ5… எட்டாயிரத்து இருநூத்தி ஐம்பது… யூ.” அந்த ‘யூ’வில் ஒரு நிறுத்தம். அப்புறம், “ம்.”

இந்த ‘ம்’மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திட்டுகிற ‘ம்’ அல்ல அது. துக்க வீட்டில், “எத்தனை நாளா உடம்பு சரியில்லாம இருந்தாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வருமே, அந்த ‘ம்’. 2018-இல் அட்டைப் பெட்டி வாசம் போகாத லேப்டாப்பைப் பார்த்தும் இதே ‘ம்’தான். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குப் பார்த்தாலும் சுருதி மாறவில்லை. என் மனைவிக்கு அதைக் கேட்டால் முகம் வாடிவிடும். “நல்லாத்தான் ஓடுது சித்தப்பா” என்று பக்கத்தில் நின்று லேப்டாப்புக்காக வாதாடுவாள். அவர் தலையை ஆட்டி, “ஓடும்மா. ஓடாம என்ன” என்பார். அந்த ‘ஓடும்மா’ இன்னும் மோசம்.

“1.6 கிகாஹெர்ட்ஸ்தானா மாப்ள? நான் அந்தக் காலத்துல வச்சிருந்த பென்டியம் 4 மூணு கிகாஹெர்ட்ஸ்!” இருந்திருக்கலாம். 2002-லேயே மூன்றைத் தாண்டிய பென்டியம் 4 வந்துவிட்டது. ஆனால் அதற்கு இருந்தது ஒரே ஒரு கோர். இதற்கு நாலு. அந்த 1.6-ம் அடிப்படை வேகம்தான். வேலை வந்தால் 3.4 வரை போகும். ‘யூ’ என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது என்று அர்த்தம். 15 வாட்டில் காலத்தை ஓட்டும் சாதுவான சிப். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தால், “அதெல்லாம் சேல்ஸ்காரன் சொல்றது மாப்ள.”

அடுத்து ராம். 8 ஜிபி என்றும், அடைப்புக்குறிக்குள் 7.88 யூசபிள் என்றும் காட்டுகிறது. “பாத்தியா, 0.12-ஐ அடிச்சிட்டான்!” திரையில் படம் காட்டுகிற வேலைக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்த கணக்கு அது, யாரும் அடிக்கவில்லை. அப்புறம் ஹார்ட் டிஸ்க். ஒரு டிபி வாங்கியதில் 931 ஜிபிதான் தெரிகிறது. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பில்லு வச்சிருக்கியா?” என்றார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘அப் டைம்’ பார்ப்பதும் உண்டு. “பதினோரு நாளா ஆஃப் பண்ணவே இல்லையாம்மா?” என்று என் மனைவியைப் பார்ப்பார். தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போவாள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் பூஜ்யத்துக்கு வரும். குற்றம் சாட்டப்பட்டவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களிடம் நியாயம் கேட்டாள்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் நான் இதை எழுதவே மாட்டேன். ஒருநாள் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதிக்குள் போய், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் ‘நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்’ என்பதற்கு டிக் போட்டார். அதில் 8 என்று வைத்தால் லேப்டாப் பறக்கும் என்பது ஊரெல்லாம் நம்புகிற சங்கதி. அந்தப் பெட்டி வேகத்தைக் கூட்டுவதற்கு இல்லை. சோதனை செய்பவர்கள் குறைத்துப் பார்ப்பதற்கு. டிக் போடாமல் விட்டாலே விண்டோஸ் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். போகட்டும், 8 வைத்திருந்தாலாவது தொல்லை இல்லை. பக்கத்தில் இருந்த 1-ஐ மாற்றுவதற்குள் காபி வந்துவிட்டது. ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முறுக்கைக் கடித்தபடி அண்ணாமலை தீபத்துக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் ஒரு வேர்டு ஃபைல் திறப்பதற்குள் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிடலாம். அடுத்த முறை வந்தபோது அவரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள, இது ஸ்லோன்னு” என்றார். டிக்கை எடுத்தது என் மகள். அதையும் தாத்தா போன பிறகுதான் எடுத்தாள். பெண் கொடுத்த வீடு, மரியாதை இருக்கிறதல்லவா?

ஒன்று சொல்லிவிட வேண்டும். 2020-இல் எல்லாருக்கும் ஆன்லைன் வகுப்பு வந்தபோது, எங்கள் 4 ஜிபி திணறியது. யாரும் கேட்காமலே ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்த ஆளைப் பிடித்து இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கிக்கொண்டு, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்து மாட்டினார். காசு வாங்கவில்லை. 7.88 என்று அவர் ஏமாந்த கணக்குச் சொல்வது அவரே வாங்கிவந்த அந்த ராமைச் சேர்த்துத்தான்.

அவருக்கு ஐ7 என்றால் பக்தி. தன் மருமகனிடம் ஐ7 இருப்பதை வரன் பேசும் குரலில் சொல்வார். அது 7500யூ. கோர்கள் இரண்டே இரண்டு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது விண்டோஸ் 11-க்குத் தகுதியானவற்றின் பட்டியலில் எங்கள் எட்டாவது ஜெனரேஷன் இருந்தது, மருமகனின் ஏழாவது இல்லை. இதைச் சொன்னதும் முதல்முறையாக ‘ம்’ வரவில்லை. வெற்றிலை பாக்கு கேட்டார்.

சொந்தமாக அவரிடம் இப்போது எதுவும் இல்லை. “இப்ப வாங்கக் கூடாது மாப்ள, அடுத்த ஜெனரேஷன் வரட்டும்.” பத்து வந்தது, பதினொன்று வந்தது. பதினாலாவதற்குத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். 2023 கடைசியில் இன்டெல் அந்த ‘ஐ’யையே எடுத்துவிட்டு, கோர் அல்ட்ரா, சீரிஸ் 1 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. அவர் கைவிரல் கணக்கெல்லாம் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது.

அவர் வாங்காமல் இருப்பது அவர் பாடு. என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோதும் அதே வாக்கைச் சொல்லி, தீபாவளி ஆஃபர், பொங்கல் ஆஃபர் என்று தள்ளிக்கொண்டே போனார். மனைவியும் “சித்தப்பா சொல்றாருல்ல” என்றாள். வீட்டில் இருந்ததை நான் ஆபீஸ் வேலைக்குப் பிடித்துக்கொள்ள, பிள்ளை ஒரு செமஸ்டர் முழுக்க அசைன்மென்ட்டைப் போனில் கட்டைவிரலால் அடித்தாள். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பைவிட எந்தச் சிப்பும் பெரிதில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் இல்லாததுதான் எங்கள் குடும்பத்தின் கோளாறு.

போன மாதம் அவளே தோழிகளோடு போய் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். என்ன ஜெனரேஷன் என்று நான் கேட்கவில்லை. அவர் வருகிறார் என்று போன் வந்தால் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விடுகிறது. மனைவியே எடுத்து வைக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பழைய லேப்டாப்புக்கு வழக்கமான ‘ம்’ போட்டுவிட்டு, ஹாலில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். நியூஸ் பார்ப்பார் என்று நினைத்தோம். செட்டிங்ஸ், அபௌட் என்று போய்க் கண்ணாடியை இறக்கினார்.

“டிவிக்கு ராம் ஒண்ணரை ஜிபிதானா, மாப்ள?”