ஊஞ்சலுக்கு யார் கணக்கில் கிரீஸ்?

ஊர்ப் பெயரைப் போடாதீர்கள் என்று எழுதியிருக்கும் ஓர் அப்பா: எங்கள் பூங்காவில் ஊஞ்சல் அறுந்து ஆறு மாதமாகிறது. கேட்டால் 'ஃபண்டு இல்லை' என்கிறார்கள். அதே பூங்காவுக்குப் போன மாதம் புது அலங்கார வளைவு வந்தது. இது எப்படி?

வளைவும் நிஜம், ஃபண்டு இல்லை என்பதும் நிஜமாக இருக்கலாம். புதிதாக ஒன்றைக் கட்டுவது மூலதனச் செலவு. அதற்குக் கதவுகள் நிறைய: எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி, மாநில அரசின் நகர்ப்புறத் திட்டங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2015-ல் வந்த மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கென்றே இரண்டரை சதவீதம் தனியாக எடுத்து வைத்தார்கள். அறுந்த சங்கிலியோ பராமரிப்புச் செலவு. அது உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்து, அதாவது பெரும்பாலும் நீங்கள் கட்டும் சொத்து வரியிலிருந்து வரவேண்டும். சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கரண்ட் பில், குப்பை லாரி டீசல் எல்லாம் வாங்கிக்கொண்டு போன வரிசையில் உங்கள் சங்கிலி கடைசியில் நிற்கிறது. தவிர, கிரீஸ் தடவியதற்கு யாரும் கல்வெட்டு வைத்துக்கொள்ள முடியாது பாருங்கள்.

அடுத்த முறை புதுச் சாமான் வருகிறது என்றால் கைதட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: மூன்று வருடப் பராமரிப்பும் எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா?

மனை வாங்கியவர், செங்கல்பட்டு: லேஅவுட் படத்தில் பச்சையாக 'பார்க்' என்று இருந்தது. நேரில் சீமைக் கருவேலம்தான் இருக்கிறது.

பச்சை என்றவரைக்கும் புரோக்கர் பொய் சொல்லவில்லை!

2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம். ஆகவே முதலில் பாருங்கள், உங்கள் லேஅவுட்டில் கொடுத்தது இடமா, பணமா? இடம் என்றால் தானப் பத்திர எண்ணை வாங்கி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கையெழுத்தாகாத பச்சையில் உள்ளாட்சி ஓர் ஊஞ்சல் கால்கூட நட முடியாது. கையெழுத்தாகியிருந்தால் கவலை வேண்டாம், வேறு யாரும் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 1991-ல் சொல்லியிருக்கிறது.

பாட்டி, நங்கநல்லூர்: எந்த ஊருக்குப் போனாலும் அதே மஞ்சள் சறுக்கு, அதே நீல யானை. வேறு கிடைக்காதா?

கிடைக்கும் பாட்டி, கேட்கத்தான் ஆளில்லை. 'சறுக்கு 2 எண்ணம், ஊஞ்சல் 4 எண்ணம்' என்று கேட்டலாக்கைப் பார்த்து எஸ்டிமேட் எழுதுவார்கள். பிறகு மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு. இத்தனை மேசையில் ஒன்றிலாவது 'இந்தத் தகரச் சறுக்கு மேற்குப் பார்த்து நின்றால் சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை எப்படி உட்காரும்?' என்று ஒருவர் கேட்டிருக்கலாம். திருப்பி வைக்கப் பைசா செலவில்லை.

தரையும் அப்படித்தான். ஊஞ்சலுக்குக் கீழே மணலோ ரப்பர் தரையோ இருக்க வேண்டும். பல இடங்களில் பேவர் பிளாக்தான் கிடக்கிறது. சதுர மீட்டர் கணக்கில் அளந்து எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுப் புத்தகத்தில், ஏற்ற அது வசதி. மணலை அளந்து கொட்டினாலும், அடுத்த மழைக்குப் பிறகு அதற்குப் பூனைதான் சாட்சி.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: நாங்களே பணம் போட்டால் சீக்கிரம் நடக்குமா?

நடக்க வாய்ப்பு கூடும். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம்தான். எனக்கு ஒரே உறுத்தல், மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிகிற தெருவுக்குத்தான் ஊஞ்சல் முதலில் வரும். பக்கத்துக் குடிசைப் பகுதிக்கு எந்தச் சங்கம் செக் எழுதும்? உங்கள் மனுவில் அவர்கள் பிள்ளைகளும் வந்து விளையாட ஒரு கேட்டைச் சேர்த்துக் கேளுங்களேன்.

கால்பந்துக்காரர், வியாசர்பாடி: திடலுக்குக் கட்டணம் வைத்தால் பராமரிப்புக்குக் காசு வருமே?

வரும், ஆடுகிறவர்கள்தான் வரமாட்டார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு, தலைக்கு மணிக்கு 120 ரூபாய் என்று தீர்மானம் போட்டது. கிளம்பிய எதிர்ப்பில் உடனே திரும்பப் பெற்றது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். அந்தக் காசு இருக்கிற பிள்ளைக்கு ஆட வேறு இடம் இருக்கிறது.

ஓர் அம்மா: சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகனால் பூங்கா வாசலையே தாண்ட முடியவில்லை.

பைக் நுழையாமல் இருக்க வைத்த அந்த வளைந்த கம்பிக் கேட்தானே? பைக்காரர் வண்டியைத் தூக்கிக் கடந்துவிடுகிறார், உங்கள் மகன்தான் வெளியே நிற்கிறான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஆணையருக்கு எழுதுங்கள். கூடவே ஓர் அகலக் கேட், சாய்தளம், முதுகு சாய்ந்த ஊஞ்சல் ஒன்று என்று பட்டியலாகவே கொடுங்கள். 'ஆவன செய்யவும்' என்று முடிகிற மனு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டியலிட்ட மனுவை எஸ்டிமேட்டில் ஏற்றலாம்.

ஆறாம் வகுப்பு மாணவி: பையன்கள் கிரிக்கெட் ஆடினால் எங்களுக்கு இடமே இல்லை. எங்களை யாரும் கேட்பதில்லையே?

கிராமம் என்றால் கிராம சபை, நகரம் என்றால் கவுன்சிலர் நடத்தும் பகுதி சபை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நீயே பேசு. பட்ஜெட் மார்ச்சில் என்றால் டிசம்பரிலேயே பேசிவிடு. பட்ஜெட் முடிந்து போனால் மிக்சர் மட்டும் கிடைக்கும்.

தாத்தா, கும்பகோணம்: பெரியவர்கள் ஊஞ்சலில் உட்காரலாமா?

சங்கிலியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சந்தேகப் பிராணி: ஆர்.டி.ஐ. போட்டால் ஊஞ்சல் வருமா?

வராது. எம்-புக் நகல் வரும். அதில் ஊஞ்சல் ஜோராக ஆடிக்கொண்டிருக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே மூன்று கேளுங்கள்: வேலை முடிந்த தேதி, ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதற்காகப் பிடித்து வைத்திருக்கும் தொகை. 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். பொறுப்புக் காலம் முடியுமுன் உடைந்திருந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், பொது நிதியைத் தொடவே வேண்டாம். முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே போட்டோவோடு கடிதம் கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.