ஹோமர் தலையும் அலமாரி இலக்கணமும்

சீசன் பெட்டி வாங்குவோர் இருவகைப்படுவர்: பார்ப்போர், அடுக்குவோர். பார்ப்போரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. பார்த்தார்கள், சிரித்தார்கள், தூங்கப் போனார்கள். இக்கட்டுரை அடுக்குவோரைப் பற்றியது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் டிவிடி வரலாறு முழுவதும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் வரலாறே என்பதும், கடைசியில் மூலத்தைக் காத்தவர்கள் அவர்களே என்பதும் இங்கு நிறுவப்படும்.

1989இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரின் முதல் சீசன், 2001 செப்டம்பரில்தான் டிவிடியாக வந்தது. எபிசோடுகள் 13. அது முதல் ஐந்தாம் சீசன் வரை எல்லாம் ஒழுங்கான செவ்வகப் பெட்டிகள். அடுக்குவோரின் பொற்காலம் இது.

2005 ஆகஸ்டில் ஆறாம் சீசன் வந்தது. பெட்டி, ஹோமர் சிம்ப்சனின் தலையாக இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் தலை. திறந்தால் உள்ளே நான்கு வட்டுகள். மூளைக்குரிய இடத்தில் வட்டு வைத்தது ஹோமரைப் பொறுத்தவரை முன்னேற்றமே என்று ஒரு சாரார் வாதிடக்கூடும். அது இங்கு பொருளன்று. 'தலைக்கு முதுகு இன்மையின் வரிசையும் இன்று' என நூற்பா செய்யலாம். நிறுத்தினால் நிற்காது, பக்கத்துப் பெட்டியோடு ஒட்டாது.

வாங்கியவர்கள் கொதித்தார்கள். படமோ ஒலியோ கெட்டிருந்ததா என்றால் இல்லை. பார்ப்போர் கொதிக்க இதில் ஏதுமில்லை என்பதால், கொதித்தவர்கள் அனைவரும் அடுக்குவோரே என்பது பெறப்படும். நிறுவனம் இறங்கி வந்து, கேட்டவர்களுக்கு வழக்கமான வடிவில் மாற்றுப் பெட்டி தந்தது. ஏழாம் சீசனைத் தலையாகவும் பெட்டியாகவும் இரு வடிவில் விற்றது. மார்ஜ், மேகி, லிசா, பார்ட் என்று குடும்பத்தின் மற்றத் தலைகளும் 2007க்குள் வந்து சேர்ந்தன.

இதில் இதுவரை யாரும் போதிய அளவு வியக்காத ஒன்று உண்டு. ஹோமரின் முதலாளி பர்ன்ஸைச் சுட்டது யார் என்ற மர்மக் கதையின் முதல் பாதி ஆறாம் சீசனின் கடைசி எபிசோடு. விடை ஏழாம் சீசனின் முதல் எபிசோடு. 1995இல் நேயர்கள் மே முதல் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து, கேள்வி ஹோமர் தலைக்குள்ளும் விடை மார்ஜ் தலைக்குள்ளும் இருந்தன. இரண்டு தலைக்கும் இடையே ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஏறத்தாழ அதே நான்கு மாதம். இது தற்செயல் என்போரோடு எமக்கு வழக்கில்லை.

உரை பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை எழுதியபோது மறுத்துப் பேச ஆசிரியர் உயிரோடு இல்லை. இந்த வட்டுகளிலோ எழுதியவர்களும் இயக்கியவர்களும் கூடி உட்கார்ந்து எபிசோடு தோறும் உரை சொல்கிறார்கள். எழுதிப் பத்தாண்டு ஆகிவிட்டதால், இந்த நகைச்சுவை யாருடையது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆசிரியர் உயிரோடு இருப்பதால் உரைக்குத் தெளிவு வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இனிப் பாடபேதம். பழைய எபிசோடுகள் சற்றேறக்குறையச் சதுரமான திரைக்கு வரையப்பட்டவை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் என்னும் இணையச் சேவை அவற்றை அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிக் காட்டியது. மதுபான ஆலையில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்ற மூன்று சரக்கும் ஒரே குழாயிலிருந்து வருவதுதான் ஒரு காட்சியின் நகைச்சுவை. நறுக்கியதில் குழாய் போயிற்று. மூன்று தொட்டி மட்டும் மிஞ்சியது. பழைய வடிவத்திலும் பார்க்க 2020 மே வரை பொறுக்க வேண்டியிருந்தது. வட்டில் குழாய் எங்கும் போகவில்லை.

குழாயாவது திரும்பி வந்தது. மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த மூன்றாம் சீசனின் முதல் எபிசோடைத் தயாரிப்பாளர்களே 2019 மார்ச்சில் விலக்கிக்கொண்டார்கள். விலக்கியது சரியா என்பது வேறு வழக்கு. 2003இல் விற்றுப்போன பெட்டிகளுக்குள் புகுந்து அதை எடுக்க யாராலும் முடியவில்லை. பார்ப்போர் இழந்தார்கள். அடுக்குவோரிடம் அது இருக்கிறது. பிரித்திருக்கிறார்களா என்பது ஐயமே.

அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 2010 ஜனவரியில், 12ஆம் சீசனுக்கு அடுத்து 20ஆம் சீசனை வெளியிட்டார்கள். இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டமாம். கூட்டு வருமுன் இலையில் பாயசம் ஊற்றியதுபோல ஆயிற்று. பிறகு 13இலிருந்து மெல்ல நடந்து 2014இல் 17ஐ எட்டினார்கள். இனி டிவிடி இல்லை என்று மறு ஆண்டே தயாரிப்பாளர் அல் ஜீன் அறிவித்தார். 18, 19 என்னும் இரு பல் விழுந்த வரிசையோடு அடுக்குவோர் காலம் தள்ளினார்கள். 2017இல் 18 வந்தது. 2019 டிசம்பரில் 19 வந்தது. இத்தொடர் டிஸ்னி பிளஸில் கிடைக்கத் தொடங்கிச் சில வாரமே ஆகியிருந்தபோது, ஒன்று முதல் இருபது வரை வரிசை நிறைந்தது.

21க்குப் பெட்டி இல்லை. அலமாரியின் வலக்கோடியில் இடம் விடுவதா என்பதில் இரு கட்சி உண்டு. இனி எதுவும் வராது, அங்கே அகராதியை வைக்கலாம் என்பது ஒரு கட்சி. 18க்கும் இப்படித்தான் சொன்னார்கள் என்பது மற்றது. இக்கட்டுரையாளர் இரண்டாம் கட்சி.