தவறிய அங்கம்: பதிப்பியல் நோக்கில் ஓர் ஆய்வு

காணி விற்கும்போது எவருக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று, 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ரீவியில் ஓடிய நாடகத்தின் கதையை எவர் சொல்ல வேண்டும் என்பதில் அது மௌனம் சாதிக்கிறது. முந்நூறு ஆண்டுக்கால அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை.

அமெரிக்கர் இவ்விடயத்தை நீதிமன்றம் வரை இழுத்தார்கள். சோனியின் பீட்டாமாக்ஸ் கருவியில் வீட்டில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது குற்றமா என்ற வழக்கில், 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் குற்றமில்லை என்றது. குடாநாட்டில் இத்தீர்ப்பை ஒட்டி யாரும் வெடி கொளுத்தியதாகத் தெரியவில்லை. இங்கே டெக் வாங்கியதே படம் போடத்தான்.

தவிர, எங்களுக்கிருந்த சிக்கல் குழாய்ச் சிக்கல். எண்பதுகளின் கடைசியில் ரூபவாஹினி தெற்கே கொக்காவிலில் இருந்து வந்தது. தூரதர்ஷன் கடல் தாண்டி, மேற்கே கொடைக்கானலில் இருந்து வந்தது. டெக்கில் நேரம் குறித்துவிட்டால் அது தானாகவே விழித்து, அலைவரிசை மாற்றி, ஈ-180 கசற்றில் மூன்று மணி நேரம் பதியும். முற்றத்துக்கு இறங்கி அன்ரனாக் குழாயை மட்டும் திருப்பாது. அதற்கு ஒருவர் குழாயைப் பிடிக்க, இன்னொருவர் யன்னலில் நின்று, "இன்னும் கொஞ்சம்... ஆ, வந்திட்டுது, விடு விடு!" என்று கத்த வேண்டும். இரண்டு பேர் வீட்டில் நிற்பதென்றால் பதிவானேன்? இருந்தே பார்த்துவிடலாமே. ஜப்பானியப் பொறியியலாளர் இந்த இடத்தில் சறுக்கிவிட்டனர்.

1990இல் கறண்டும் போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட அந்த ஆண்டுகள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. தவறவிடுவதற்கு நாடகம் இருந்தால்தானே.

1998இல் சக்தி ரீவி வந்தது. போகப்போக டிஷ்ஷும் கேபிளும் வர, ஒரே 8.30க்கு மூன்று அலைவரிசையில் மூன்று மருமகள்கள் அழத் தொடங்கினார்கள். இங்கேதான் எமது களம் அமைகிறது: வலிகாமத்தில் ஓர் ஒழுங்கை. யாரும் கூட்டம் கூடித் தீர்மானம் போடவில்லை. ஆனாலும் வீட்டுக்கொரு அலைவரிசை என்று தானாகப் பிரிந்துகொண்டது. பதிவுக் கருவி, அவ்வவ் வீட்டுப் பெரியம்மா. மறுநாள் காலை, முற்றம் கூட்டுகிற நேரத்தில், கிடுகு வேலிப் பொட்டடியில் மறுஒளிபரப்பு.

"ராத்திரி அவள் வீட்டை விட்டு வெளிக்கிட்டாளோ, அக்கா?"

"எங்க வெளிக்கிட்டவள்! சூட்கேசும் கையுமா நிக்கேக்கை மாமியார்காரி வந்திட்டாள். அதோட முடிஞ்சுது."

அரை மணி நேர அங்கம் இரண்டு வரியில் முடிந்தது. கதையின் சத்து எதுவும் விடுபடவில்லை என்பதைக் கவனிக்க.

எனினும் ஒரு பெரியம்மாவை மட்டும் நம்பிப் பதிப்பிக்கலாகாது. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை ஏட்டிலிருந்து 1887இல் அச்சேற்றியது பல பிரதிகளை ஒப்புநோக்கித்தான். இந்த ஒழுங்கையிலும் அதே நெறியே செல்லும். மாமியார் அறைந்தாள் என்பது ஒரு பாடம். கை ஓங்கியதோடு 'தொடரும்' போட்டார்கள் என்பது இன்னொரு பாடம். புட்டு அவித்தபடி பார்த்தவரின் பிரதியில் நீற்றுப்பெட்டியை இறக்கிய இடமெல்லாம் செல்லரித்திருக்கும். மருமகளோடு மனஸ்தாபத்தில் இருப்பவரின் பிரதியிலோ மாமியாரின் வசனம் வழக்கத்தைவிட நீளமாகவும் நியாயமாகவும் இருக்கும்; அது இடைச்செருகல் என்று கொள்க. நாடகமே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடக்கும் பெரியப்பாவின் பாடமே பெரும்பாலும் திருத்தமானது. இதற்கான காரணத்தைப் பெரியம்மாவிடம் கேட்பது ஆய்வு அறத்துக்கு முரண்.

பிறகு வேலிகள் மதில்களாயின. மதிலில் பொட்டு வைக்க மேசன்மார் சம்மதிப்பதில்லை. ஆகவே ஒப்புநோக்கல் படலைக்கும், அங்கிருந்து தொலைபேசிக்கும் இடம்பெயர்ந்தது.

இம்முறை அடியோடு முறிவது செத்தவீட்டில்தான். கலியாண வீடென்றால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டில் நிற்பார்; அந்த ஒரு பிரதி போதும். செத்தவீட்டுக்குக் கோபக்காரரும் வந்துவிடுவதால், அன்றைய அங்கம் ஒழுங்கை முழுவதற்கும் இறந்துபட்ட நூலாகிவிடும். பந்தலில் கதிரை போட்டிருந்தபடி, 8.30 ஆனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதை இக்கட்டுரையாளர் நேரில் கண்டிருக்கிறார்.

யூரியூப் வந்தபின் இதற்கும் பரிகாரம் உண்டென்பார்கள். இங்கே இரவு 8.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 11 மணி. மத்தியானத்துக்கு முன்னரே அங்கத்தைப் பார்த்து முடித்த மருமகன் ஒருவர், ஒரு செத்தவீட்டுக்கு மறுநாள் தொலைபேசியில் முழுக்கதையும் சொன்னார். ஒழுங்கை அதை ஏற்கவில்லை. அழுகிற இடங்களையெல்லாம் அவர் ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டுவிட்டது.