பொன்னுக்குப் பின்னால் பொன்

கல்யாணத்துக்குத் தங்க அலங்காரம் கேட்டு மாப்பிள்ளையை ஓடவிட்டவள் எங்கள் ஜொகூர்க்காரிதான். மலாக்கா சுல்தான் மஹ்மூட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, குனோங் லேடாங் மலை இளவரசி தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம் மலாக்கா வரைக்கும் வேண்டும் என்றாளாம். கூடவே ஏழு தட்டு கொசு இதயம். கடைசியாக சுல்தான் மகனின் ரத்தம் ஒரு கிண்ணம் என்றதும் மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிட்டது.

மாசாயில் இருக்கும் என் தங்கை அவ்வளவு கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு, "லேசா ஒரு கோல்டு டச் இருந்தா போதும்ணே" என்றாள். அலங்காரக்காரத் தம்பி கைப்பேசியில் படம் படமாகத் தள்ளினார். தூண் நாலும் தங்கம், யானை இரண்டும் தங்கம், நாற்காலி ரிப்பன், கேக் மேசை, பின்திரை எல்லாம் தங்கம்.

"வாழைமரம்?" என்றேன்.

"அதையும் அடிச்சிரலாம் மாமா."

"அது மட்டும் பச்சையாவே இருக்கட்டும் தம்பி" என்று கெஞ்சிக் காப்பாற்றினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு ஓடும் லோரிகளுக்கு நடுவே எங்கள் தங்கமும் வந்து இறங்கியது. எட்டடி உயரம், ஓரடி விட்டம். அசல் தங்கமென்றால் ஒரு தூணே மூன்று டன்னைத் தாண்டும். ஒல்லிப் பையன் ஒருவன் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு இரண்டைக் கொண்டுபோனான். உள்ளே பொலிஸ்டிரீன் நுரை. ஸ்பிரே சாயத்திலுள்ள கரைப்பான் அதைத் தின்றுவிடும். தூணின் ஒரு பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். ரிப்பனும் போலித் தங்கம்தான்: பாலியெஸ்டரில் அலுமினியப் பூச்சு, மேலே மஞ்சள் சாயம். எல்லாம் சேர்த்து நாலாயிரம் வெள்ளி.

ஒரு கிராம் தங்கத்தைத் தட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு விரியும். 12 அடிக்கு 8 அடி பின்திரைக்கு அசல் தங்கமே ஒன்பது கிராம், ஒரு பவுனுக்குச் சற்று மேல்தான். இதைச் சொன்னதும் தங்கை தன் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. படத்தில் பெண் தெரிந்தாள், மாப்பிள்ளை தெரிந்தார், யானைகள் நன்றாகவே தெரிந்தன. தாலிக்கொடியைத்தான் பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

பத்துமலையில் 2006இல் எழுந்த முருகனுக்கு 42.7 மீட்டர் உயரம், பூசியது 300 லிட்டர் தங்கச் சாயம். அவர் கண்ணைப் பறிக்கிறார் என்றால் முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றும் பச்சைக் காடும் நிற்பதால்தான். எங்கள் மேடையில் பொன்னுக்குப் பின்னாலும் பொன்.

ஆகவே, கல்யாணம் வைத்திருப்பவர்களே, பின்திரையைக் கரும்பச்சையிலோ அரக்கிலோ கேளுங்கள். பொன்னைக் குத்துவிளக்குக்கும் பெண்ணின் கழுத்துக்கும் விட்டுவிடுங்கள். மிஞ்சும் காசுக்குப் பந்தியில் இன்னொரு பாயசம் போடுங்கள். அதைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும்.