வராத பிராசசரின் வேகம்

வெளிவராத பிராசசரைப் போல வேகமானது உலகில் வேறில்லை. அது சூடாவதில்லை, விலையும் கிடையாது; வதந்தியிலேயே ஓடும். பிராசசர் தயாரிக்கும் இன்டெலும் ஏஎம்டியும் மல்லுக்கட்டும் காலங்களில் இந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடே வருவதில்லை.

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி, 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அத்லான் பிராசசரை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெலும் அதே வேகத்தில் பென்டியம் 3-ஐ அறிவித்தது. கடையில் அது கண்ணில் படுவதுதான் அரிதாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஜூலைக் கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் என்று இன்டெல் இன்னொரு படி ஏறியது. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யச் சொன்னால் அந்தச் சில்லு பாதியில் படுத்துக்கொள்வதை விமர்சகர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டிலேயே சரக்கு திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த கனவு 4 கிகாஹெர்ட்ஸ். பென்டியம் 4 அதைத் தொடும் என்ற பேச்சு சூடாக இருந்தது, சில்லு அதைவிடச் சூடாக இருந்தது. 2004 அக்டோபரில் திட்டம் கைவிடப்பட, இன்டெல் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஊகம் வேகத்தை விட்டு, சில்லுத் தயாரிப்பின் நுணுக்கத்தைச் சொல்லும் நானோமீட்டருக்குக் குடிபெயர்ந்தது; அங்கே எண் சிறியதானால் பெருமை பெரியது. 2021-ல் தன் 10 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 'இன்டெல் 7' என்று இன்டெல் பெயர் சூட்டியது. மூன்று நானோமீட்டரைப் பெயர்ப்பலகையிலேயே குறைத்தாயிற்று.