சென்னைக்குப் போக எந்தத் திசை?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?
– வாசகி ஒருவர், கனகராயன்குளம்

பதில்: வாசலிறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அம்மணி! சென்னை தங்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, ஆகாய அளவையில் சுமார் 440 கிலோமீற்றரில் இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தை நாடுகிறவரோ, சென்னைக்கு முதுகைக் காட்டி, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தெற்கே தரைவழிப் பிரயாணம் செய்து, ஓரிரவு நித்திரையையும் பறிகொடுத்து, பின்னர் ஏறத்தாழ 645 கிலோமீற்றர் வடக்கு நோக்கியே பறந்தாக வேண்டியிருக்கிறது. இந்தப் பிரதட்சிணம் வன்னி ஜனங்களுக்கு நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயார் விமானம் சென்னையிலிருந்து வந்திறங்கி, 2020இல் கொள்ளைநோயினால் தடைப்பட்ட அச்சேவை 2022 டிசம்பர் 12இல் புனர்ஜன்மம் பெற்றதை நான் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன். பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். பிரயாணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. இத்தனை குறுகிய தூரத்துக்கு அது அதிகமன்றோ என்பீர்கள். அட்டவணை கூறும் காலத்தில் நிலத்தில் உருள்வதும், மேலேறுவதும், இறங்க முறை பார்த்திருப்பதும் அடங்கும். மேலும் இத்தடத்தில் பறக்கும் சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றரளவே.

ஆகவே, சேவை நாட்களை முன்னதாக விசாரித்து, கடவுச்சீட்டும் விசாவும் கையிலிருக்க, ஏ-9 வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் கையைக் காட்டுங்கள்.