நாலடி உயரம்

சென்னையில் ஏரிக்குள் வீடு கட்டுவது நேற்று வந்த வழக்கமில்லை. 1920களில் ‘லாங் டேங்க்’ என்ற நீண்ட ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரே எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். வேளச்சேரியும் முடிச்சூரும் அந்த மரபின் வாரிசுகள்.

2015 டிசம்பரில் முடிச்சூர்த் தெருக்களில் படகு போயிற்று. இன்றும் புறநகரில் “வெள்ளம் வராத மனை” விற்கிறார்கள். பொய்யென்று சொல்ல முடியாது. மனையில் நாலடிக்கு மண் கொட்டியாயிற்று. தண்ணீர் இனி பக்கத்து வீட்டில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டும்போது ஐந்தடி ஏற்றுவார். அதற்குள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையும் போட்டியில் சேர்ந்திருக்கும். பாவம், பழைய ஓட்டு வீட்டுக்காரர். வாசலில் ஏறிக்கொண்டிருந்தவர் இப்போது இறங்குகிறார்.

மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ‘ராம்சர்’ என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. மிச்சமிருந்ததற்கு. குப்பைமேடும் கட்டடங்களும் முந்திக்கொண்டுவிட்டன.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். அடுக்ககத்தில் கார் நிறுத்த லட்சக்கணக்கில் தனியே கொடுத்திருப்பார்கள். மேம்பாலத்தில் இலவசம், உயரமும் கூடுதல்.